மணலுக்குள் மிதக்கும் நன்னீர்

அரசு அலுவலகங்களில் நெடுங்காலம் வழங்கிவந்த அச்சுறுத்தல் ஒன்று உண்டு. மேலதிகாரியின் மனம் கோணும்படி நடந்துகொண்ட ஊழியரை, "உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்பார்கள். அந்தக் காடு எது என்று எவரும் விளக்கத் தேவையிருந்ததில்லை. இராமநாதபுரம் என்று கேட்பவரே புரிந்துகொள்வார். என் தந்தையார் பள்ளி ஆசிரியராக இந்த மாவட்டத்திற்கு மாற்றலாகி வந்தபோது, எங்கள் பாட்டியார் வண்டியில் முதன்முதலாக ஏற்றச் சொன்னவை மூன்று பித்தளைக் குடங்களாம். வேறு சாமான்கள் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. என் தங்கையை இராமேசுவரம் தீவிலேயே கட்டிக்கொடுத்தோம். அவளுடைய மகன் நிலவியல் படித்து, நிலத்தடி நீரைத் தேடிச் சொல்லும் தொழிலில் இருக்கிறான். சென்ற ஆண்டு தவக்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில், "மாமா, தீவின் தென்கரையில் ஒரு குடியிருப்பில் தண்ணீர் பார்க்கப் போகிறோம், நீங்களும் வாருங்கள்" என்று அழைத்தான். குச்சி பிடித்து நீரோட்டம் பார்ப்பவர்களைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறேன். மின்சாரத்தைப் பாய்ச்சிப் பார்ப்பதை அருகிருந்து கண்டதில்லை. ஆதலால் புறப்பட்டேன்.

இராமநாதபுரத்தைவிட்டுக் கிழக்கே செல்லும் பேருந்தில் அமர்ந்து வெளியே நோக்குபவருக்கு, 'தண்ணியில்லாக் காடு' என்ற பெயர் பொய்யென்று தோன்றாது. முள் அடர்ந்த சீமைக் கருவேலமும், பனைகளும், வெடித்த களிமண்ணும், உப்புப் பூத்த வெளிகளுமே கண்ணில் படும். ஆயினும் மழைக்கணக்கு வேறொன்றைச் சொல்லுகிறது. இம்மாவட்டத்தில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டரையொட்டி மழை பெய்கிறது. பாலைவனம் என்று உலகறிந்த ஜெய்சல்மேரிலோ 200 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. இங்கே வானம் முற்றிலும் வஞ்சிப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டு மற்ற மாதங்களில் முகத்தைத் திருப்பிக்கொள்ளுகிறது, அவ்வளவே. கொட்டியதைத் தேக்கிவைக்கத்தான் முன்னோர் ஊருக்கு ஊர் கண்மாயும் ஊருணியும் வெட்டினர். வைகையும் பெரும்பாலான ஆண்டுகளில் இராமநாதபுரம் பெரிய கண்மாயோடு தன் பயணத்தை முடித்துக்கொள்ளும். சேதுபதி மன்னரின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்கே வீணாகும் பெரியாற்று நீரைக் கிழக்கே திருப்ப வழியுண்டா என்று 1789இலேயே ஆள் அனுப்பிப் பார்த்தார். அணை கட்டி முடிந்ததோ 1895இல்.

மேலேயிருக்கும் நீரின் கதை இது. கீழேயிருக்கும் நீரின் கதைதான் கொடியது. இம்மண்ணில் எங்கே தோண்டினாலும் பெரும்பாலும் தண்ணீர் வந்துவிடும். வாயில் வைக்கத்தான் முடியாது. சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றுள்ள மட்டத்தைக் காட்டிலும் சற்று உயர்ந்து நின்றது. தீவின் கரையிலும் பாம்பன் பக்கத்திலும் மேடேறிக் கிடக்கும் பவளப்பாறைகள் அதற்குச் சாட்சி. அந்தக் கடல் விட்டுச்சென்ற களிமண்ணுக்குள் அதன் உப்பும் தங்கிவிட்டது. எனவே இங்கே 'தண்ணீர் இருக்கிறதா' என்று கேட்பது பயனற்ற கேள்வி. 'எந்தத் தண்ணீர்' என்பதே கேள்வி.

மண்டபத்தைத் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் காற்று மாறுகிறது. 1988இல் திறந்த சாலைப்பாலத்தின்மீது பேருந்து சென்றது. 1914 முதல் உழைத்த பழைய இரயில் பாலம் ஓய்வு பெற, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் இரயில் ஓடுகிறது. இருபுறமும் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். ஆனால் பேருந்தின் கூரையிலும் படிக்கட்டருகிலும் காலிக் குடங்களும் பிளாஸ்டிக் கேன்களும். என்னருகில் அமர்ந்த பெரியவர் அந்த முரண்பாட்டைக் கண்டு வியக்கவில்லை. அவருக்கு அது அன்றாட வாழ்க்கை.

தங்கச்சிமடத்தில் மருமகன் காத்திருந்தான். வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் ஆலயத்தின் பக்கம் போய் வணங்கிவிட்டு, அவனுடைய ஜீப்பில் தென்கரைக்குச் சென்றோம். அந்தக் குடியிருப்பின் பெயரை எழுதப்போவதில்லை. அங்கே நடந்தது இக்கரையிலுள்ள எந்தக் குடியிருப்பிலும் நடக்கக்கூடியது. அறுபது, எழுபது வீடுகள். திருச்சிக்கு அருகே காவிரியில் எடுத்துக் குழாய்வழியே அனுப்பும் நீர் இம்மாவட்டத்திற்கு வருகிறது. கடைக்கோடியிலுள்ள இந்த வீடுகளுக்கு அது வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. வராத நாளில் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு மணல்மேட்டுக்குப் போவார்கள். அங்கே ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு ஊற்றி, ஒரு குடம் நிரம்ப அரைமணி நேரம் ஆகும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஊரார் வீட்டுக்கு இவ்வளவு என்று வரிவைத்து, துளைவண்டியை வரவழைத்து ஒரு போர் போட்டார்கள். நீரோட்டம் பார்ப்பவர் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தைக் காட்டினாராம். நூற்றெண்பது அடியில் தண்ணீர் பீறிட்டது. ஊரே கைதட்டியது. முதல் செம்பைக் குடித்த பிள்ளை துப்பிவிட்டது. அந்தக் குழாயின் இரும்பு மூடி இன்றும் கோவிலடிக்குப் பக்கத்தில் துருவேறிக் கிடக்கிறது. இந்த முறை மறுபடியும் வரிப்பணம் சேர்த்துவைத்திருக்கிறார்கள். அதற்குமுன் ஒருமுறை 'மிஷின் வைத்துப் பார்த்துவிடலாம்' என்று இளைஞர்கள் சொன்னதால்தான் மருமகனுக்கு அழைப்பு வந்தது.

குச்சிக்காரரையும் தேங்காய்க்காரரையும் நான் பழிக்க விரும்பவில்லை. நீர் தேடுவது பழங்கலை. ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையில் எந்த மரத்தின் எந்தத் திசையில் புற்று இருந்தால் எத்தனை ஆழத்தில் நீர் என்று ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறார். நம் திருச்சபையிலும் ஒரு நீர் தேடி உண்டு. பிரான்சு நாட்டில் 1790இல் பிறந்த பரமெல் என்னும் பங்குக்குரு, சுண்ணாம்புப் பாறை மேடுகளில் நீரின்றி வருந்திய மக்களைக் கண்டு மனம் இளகி, குச்சி எதையும் கையில் எடுக்காமல், பள்ளத்தாக்கின் வளைவையும் பாறையின் சாய்வையும் ஆண்டுக்கணக்கில் கவனித்து ஊற்றுகளைச் சுட்டிக்காட்டினார். ஊற்றுகளைக் கண்டுபிடிக்கும் கலையைப் பற்றி 1856இல் அவர் வெளியிட்ட நூலை நிலவியலார் இன்றும் மதிப்போடு நினைக்கின்றனர். ஆனால் பரமெல் அடிகளாருக்கு உப்பு என்னும் பகைவன் இருக்கவில்லை. குச்சி ஒருவேளை தண்ணீரைச் சொல்லலாம். அது இனிப்பா, கரிப்பா என்று சொல்லாது. மின்சாரமோ உப்பைத்தான் முதலில் சொல்லுகிறது.

அது எப்படி என்பதை அன்று காலை கண்டேன். மருமகனும் உதவியாளர் மூவரும் ஜீப்பிலிருந்து இறக்கியவை மிக எளியவை: நான்கு எஃகு முளைகள், சுத்தியல், உருளையில் சுற்றிய கம்பி, ஒரு மின்கலம், சாப்பாட்டுக் கூடை அளவில் ஓர் அளவுப் பெட்டி. முளைகளை ஒரே நேர்கோட்டில் மணலில் அடித்தார்கள். வெளிப்பக்கத்து இரண்டு முளைகளின் வழியே மின்னோட்டத்தை நிலத்துக்குள் செலுத்துவது. உள்பக்கத்து இரண்டுக்கும் இடையே எவ்வளவு மின்னழுத்தம் தோன்றுகிறது என்று அளப்பது. இவ்விரண்டிலிருந்தும் முளைகளின் இடைவெளியிலிருந்தும் நிலத்தின் மின்தடைத் திறனைக் கணக்கிடலாம். வெளிமுளைகள் நெருங்கியிருந்தால் மின்னோட்டம் மேல்மண்ணிலேயே வளைந்து திரும்பிவிடும். அவற்றை விலக்கிக்கொண்டே போனால் அது மேலும் மேலும் ஆழத்திற்கு இறங்கும். இடத்தைவிட்டு நகராமல், துளை ஒன்றும் போடாமல், பூமிக்குள் படிப்படியாக இறங்கிப் பார்ப்பது போன்ற வித்தை இது.

பிரெஞ்சுக்காரரான கொன்ராட் ஷ்லும்பர்ஜே குளியல் தொட்டியில் மண்ணை நிரப்பி மின்சாரத்தைச் செலுத்தி ஆராய்ந்து, 1912இல் நார்மண்டியில் தம் குடும்பத்து நிலத்தில் இம்முறையைச் சோதித்தார். அமெரிக்காவின் ஃபிராங்க் வென்னர் 1915இல் வேறொரு முளை அமைப்பை வகுத்தளித்தார். கொன்ராடும் அவர் தம்பி மார்செலும் தொடங்கிய நிறுவனம் 1927இல் எண்ணெய்க் கிணற்றுக்குள்ளேயே மின்முளைகளை இறக்கி அளந்து காட்டியது. இன்று உலகெங்கும் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் தோண்டும் கிணறுகளில் அதன் வழிவந்த அளவீடுகளே நடக்கின்றன. கோடிகள் புரளும் அந்தத் தொழிலும், இந்த மணலில் முளையடிக்கும் நால்வரின் வேலையும் ஒரே வேரில் கிளைத்தவை.

ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் விடக்கூடாது. உலர்ந்த மணலில் அடித்த முளைக்கு நிலத்தோடு சரியான தொடர்பு கிடைக்காது, மின்சாரம் ஏறாது. அதற்காக முளையின் அடியில் உப்பு நீரை ஊற்றுவார்கள். உதவியாளர் ஒருவர் கடலுக்குப் போய் வாளியில் மொண்டு வந்து ஒவ்வொரு முளையடியிலும் ஊற்றியதைச் சிறுவர் கூட்டம் வாய்பிளந்து பார்த்தது. "நல்ல தண்ணி தேட வந்தவங்க உப்புத் தண்ணியை ஊத்துறாங்க" என்று ஒரு பாட்டி சிரித்தார். அவரைப் பற்றிப் பின்னர் சொல்லுகிறேன்.

மருமகன் எண்களைப் படிக்கப் படிக்க எனக்குப் பொருளும் சொல்லிவந்தான். கடல்நீரின் மின்தடைத் திறன் ஏறத்தாழ 0.2 ஓம்-மீட்டர். உப்புக் கரைந்த நீரில் மின்சாரம் தடையின்றி ஓடும் என்பதே காரணம். கடல்நீர் ஊறிய மணல் ஒன்றையொட்டி நிற்கும். நன்னீர் ஊறிய மணல் பல பத்துகளிலிருந்து நூறு வரை காட்டலாம். காய்ந்த மணலோ பல நூறு, ஆயிரம் என்று ஏறும். மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கற்பாறை நிலத்தில் தடை குறையும் இடத்தைத் தேடுவார்கள். அங்கே பாறை சிதைந்து நீர் புகுந்திருப்பதற்கு அது அடையாளம். இங்கே அதே குறைவு எச்சரிக்கை ஆகிவிடுகிறது. குறைந்துகொண்டே போனால் உப்பு வருகிறது என்று பொருள். அங்கே பழகிய ஒருவர் அதே கண்ணோடு இங்கே வந்து அளந்தால், மிகக் கரிப்பான இடத்தையே மிக நல்ல இடமென்று காட்டிவிடக்கூடும்.

"அப்படியானால் இந்த மிஷினை முழுமையாக நம்பலாமா?" என்று கேட்டேன்.

"நம்பக்கூடாத இடமும் உண்டு, மாமா. களிமண்ணும் குறைந்த தடையைத்தான் காட்டும். ஐந்து, எட்டு என்று வந்தால் அது நல்ல நீரோடு கூடிய களிமண்ணா, உவர் நீரோடு கூடிய மணலா என்று எண்ணை மட்டும் வைத்துச் சொல்லமுடியாது. அதற்காகத்தான் கைத்துளையும் கொண்டுவந்திருக்கிறேன். மண்ணைக் கையில் எடுத்துப் பார்த்து, நீரை நாவில் வைத்துப் பார்த்த பிறகுதான் பேசுவேன்."

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

நண்பகலுக்குள் அளவீடு முடிந்தது. மேலே உலர்மணலின் உயர்ந்த எண்கள், கீழே சில அடிகளில் நன்னீர் மணலின் நடுத்தர எண்கள், அப்புறம் சரிவு. முப்பது அடியை நெருங்குமுன்பே கோடு மலையிலிருந்து விழுவதுபோல் விழுந்துவிட்டது. அதற்கும் கீழே எவ்வளவு ஆழம் போனாலும் ஒன்று, ஒன்றரை என்றே நின்றது. கணக்கைக் கணிப்பொறியில் போட்டுச் சரிபார்த்தபின் மருமகன் ஊர்க் கமிட்டியாரிடம் சொன்னது இதுதான்: "போர் வேண்டாம். பன்னிரண்டு அடிக்கு ஓர் உறைக்கிணறு இறக்குங்கள். அதில் அடிகுழாய் வையுங்கள். மோட்டார் வைக்காதீர்கள்."

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஊர்த்தலைவர் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார்: "தம்பி, இவ்வளவு கம்பியும் பெட்டியும் கொண்டுவந்து, எங்கள் பாட்டிமார் கையால் தோண்டிய ஆழத்தைத்தானா சொல்லுகிறீர்கள்? இதைச் சொல்ல மிஷின் எதற்கு?"

நியாயமான கேள்வி. மருமகன் ஒரு கண்ணாடித் தம்ளரைக் கேட்டு வாங்கினான். பாதியளவு கடல்நீரை ஊற்றி, அதன்மேல் ஒரு கரண்டியின் முதுகுவழியாகக் குடிநீரை மெல்ல மெல்ல வழியவிட்டான். குடிநீரில் சிறிது மஞ்சளைக் கலந்திருந்ததால் இரண்டும் கலவாமல் அடுக்காக நின்றது தெரிந்தது. கடல்நீர் நன்னீரைவிட நூற்றுக்கு இரண்டரைப் பங்கு கனமானது. மணலில் விழுந்த மழை கீழே இறங்கி, கடலுப்பு ஊறிய மணலின்மேல் இப்படித்தான் மிதக்கிறது. இதை 1880களின் இறுதியில் டச்சுக்காரர் பாடோன் கைபனும், 1901இல் வடகடல் தீவுகளில் ஆராய்ந்த ஜெர்மானியர் ஹெர்ட்ஸ்பெர்க்கும் தனித்தனியே கணக்கிட்டனர். நன்னீரின் மட்டம் கடல்மட்டத்திற்கு ஓர் அடி மேலே நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நன்னீர் இறங்கி நிற்கும். கேட்க இனிமையான கணக்கு. திருப்பிப் படித்தால் நடுங்கவைக்கும் கணக்கு. மோட்டார் வைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், நாளடைவில் கீழேயுள்ள உப்பு நாற்பது அடி எழும்பும்.

தம்ளருக்குள் மருமகன் ஓர் உறிஞ்சுகுழலை விட்டு வேகமாக இழுத்தான். அடியிலிருந்த தெளிந்த நீர் கூம்பாக எழுந்து குழலுக்குள் போவதைக் கமிட்டியார் குனிந்து பார்த்தனர். "நூற்றெண்பது அடிப் போரில் நடந்ததும் இதுதான். அது நன்னீரைக் கடந்தே போய்விட்டது. கடைசியில் கடலைத்தான் தொட்டது" என்றான்.

இராஜஸ்தானத்தின் ஜெய்சல்மேர்ப் பக்கத்தில் லாட்டி என்னும் மணற்பாறை அடுக்கில் ஆழத்துளையிட்டு நன்னீர் எடுக்கிறார்கள். அந்தப் பாலைவனத்தில் ஆழம் காப்பாற்றுகிறது. அதே கருவி, அதே முளைகள். ஆனால் அங்கே 'இன்னும் போ' என்று சொல்லும் கருவி, இந்தக் கரையில் 'இங்கே நில்' என்று சொல்லுகிறது. பாட்டிமாருக்கு மேல்மணலின் நீர் தெரியும். உப்பு எந்த அடியில் காத்திருக்கிறது என்பதும், அது மேட்டுக்கு மேடு எவ்வளவு மாறுகிறது என்பதும் தெரியாது. மிஷின் சொன்னது அதைத்தான். அன்று அளந்த மூன்று இடங்களில் ஒன்றில் மட்டுமே உறைக்கிணற்றுக்குத் தக்க கனமான நன்னீர் இருந்தது. மற்ற இரண்டில் ஒன்று, ஊரார் முன்னமே தேர்ந்து கல் நட்டு வைத்திருந்த இடம்.

பிற்பகலில் என்னைத் தனுஷ்கோடிக்கு அழைத்துச் சென்றான். 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு எழுந்த புயலும் கடலும் அந்த ஊரை அழித்த வரலாறு நம் வாசகர்கள் அறிந்ததே. இடிந்த ஆலயத்தின் பவளக்கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை சாலை வந்தபின் சுற்றுலாப் பயணியர் கூட்டம் பெருகிவிட்டது. இருபுறமும் கடல், நடுவே ஒடுங்கிய மணல். அந்த மணலில் சாலையைவிட்டுச் சிறிது விலகி, ஒரு பெண் முழங்கால் ஆழக் குழியில் குந்தியிருந்து சிரட்டையால் நீர் மொண்டுகொண்டிருந்தார். என்னையும் குடித்துப் பார்க்கச் சொன்னார். சிறிது மணல்வாடை, மற்றபடி குறையில்லாத நீர். முன்னும் பின்னும் இரைந்த இரு கடல்களுக்கு நடுவே நின்று அதைக் குடித்தேன். புயலுக்குப் பின்னும் அங்கேயே தங்கிய மீனவக் குடும்பங்களை வாழவைத்தது இந்த ஊற்றுநீரே. தங்கச்சிமடத்தருகே கடலுக்குள்ளேயே நன்னீர் ஊறும் வில்லூண்டித் தீர்த்தத்திற்கும் நிலத்திலிருந்து கடலை நோக்கி வழியும் இதுபோன்ற நன்னீர்தான் மூலம் என்றான் மருமகன். பாக் நீரிணைக்கு அப்பால் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புப் பாறைக்குள்ளும் நன்னீர் இவ்வாறே உப்பின்மேல் மிதக்கிறது. அங்கே நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்புநீர்.

திரும்பும் வழியில் கரையோர விடுதிகளின் மொட்டைமாடித் தொட்டிகளை எண்ணிக்கொண்டு வந்தேன். பத்துக்கு மேல் எண்ணவில்லை. அவற்றை நிரப்பும் நீர் முழுவதும் வெளியிலிருந்து வருவதா, அல்லது எந்த மோட்டாராவது அந்தப் பெண்ணின் ஊற்றுக்கடியிலுள்ள கூம்பை எழுப்பிக்கொண்டிருக்கிறதா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. மருமகனும் ஒன்றும் பேசாமல் வண்டியை ஓட்டினான்.

மாலையில் குடியிருப்புக்கு வந்தபோது கைத்துளை வேலை முடிந்திருந்தது. பதினொரு அடியில் வந்த நீரை ஒரு செம்பில் வைத்திருந்தார்கள். யார் முதலில் குடிப்பது என்று தயங்கினார்கள். முன்முறை பட்ட பாடு மறக்கவில்லை. காலையில் கேலி செய்த பாட்டியிடமே செம்பு போயிற்று. அவர் ஒரு மிடறு வாயில் வைத்து, நெடுநேரம் விழுங்காமல் நின்றார். பிறகு விழுங்கிவிட்டு, "சோறு பொங்கலாம்" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் செம்பைப் பறித்துக்கொண்டார்.

இரண்டு மாதத்திற்குப் பின் மருமகன் தொலைபேசியில் பேசினான். சிமெண்டு உறைகள் இறக்கி, அடிகுழாய் வைத்தாகிவிட்டதாம். நீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமை ஒட்டியே இருக்கிறதாம். குடிநீருக்கு இந்தியத் தரம் விரும்பத்தக்க எல்லையாக வைத்திருப்பதும் அந்த அளவுதான். மோட்டாருக்கென ஒதுக்கிய பணம் இன்னும் கமிட்டியின் கையில் இருக்கிறது. அதை வாங்கிவிட வேண்டும் என்று பாதிப்பேர், கூடாது என்று பாதிப்பேர். வெயில் ஏற ஏற, வாங்க வேண்டும் என்பவர்களின் குரல் உயர்ந்துவருகிறதாம். மாதம் ஒருமுறை சென்று நீரின் உப்பை அளந்து, கிணற்றடிச் சுவரில் எண்ணைச் சுண்ணாம்பால் எழுதிவைக்கும் பொறுப்பை இளைஞர் இருவரிடம் கொடுத்திருக்கிறான்.

பாட்டி என்ன செய்கிறார் என்று விசாரித்தேன். அவர் இன்னும் சிரட்டையோடு மணல்மேட்டுக்கே போகிறாராம். புதுக்கிணற்று நீரில் சிமெண்டு வாடை அடிக்கிறதாம்.